699 ரூபாய் முதலுதவிப் பை: வெள்ளியங்கிரி ஏறி இறங்கிய பிறகு

இணையத்தில் 699 ரூபாய்க்கு வாங்கிய முதலுதவிப் பை இது. மலையேறுகிறவர்களுக்கென்றே தயாரித்தது என்று அட்டையில் போட்டிருந்தது. வாங்கியவன் என் தம்பி மகன். "அத்தை, நீங்க ஒண்ணும் தூக்க வேண்டாங்க, எல்லாம் இதுக்குள்ளயே இருக்குது" என்று சொல்லி, மார்ச் மாதம் நாங்கள் கோவை பக்கத்து வெள்ளியங்கிரி மலைக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு என் கையில் கொடுத்தான். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே மாதிரிப் பைகள் வேறு வேறு பெயரில் நிறைய விற்கின்றன, உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் நான் எழுதுவது இந்த ஒரு பையைப் பற்றி மட்டுமல்ல.

நான் கோபிசெட்டிபாளையம் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக 33 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வயது 61. வெள்ளியங்கிரியில் சிறுமிகளும் வயதான பெண்களும் தவிர மற்றப் பெண்கள் ஏறுவதில்லை என்பது நெடுநாள் வழக்கம். அதனால் இத்தனை காலமும் பூண்டி அடிவாரக் கோயிலில் கும்பிட்டுவிட்டு, மலையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பியதோடு சரி. இந்த வருடம்தான் தம்பியோடும் அவன் மகனோடும் ஏறினேன். ஏழு மலையும் ஏறி இறங்கியதில் எங்கள் மூன்று பேருக்கும், வழியில் பார்த்த ஒரு பையனுக்கும் சேர்த்து இந்தப் பையைப் பலமுறை திறக்க வேண்டி வந்தது.

முதலில் வீட்டில் பிரித்துப் பார்த்தேன். 20 ஒட்டுப் பிளாஸ்திரி, ஸ்பிரிட் நனைத்த சின்னத் துண்டுகள் 10, ஒரு பஞ்சுச் சுருள், தீப்பெட்டி அளவில் இரண்டு துணிக்கட்டு, 5 செ.மீ. அகலத்தில் ஒரு க்ரீப் பேண்டேஜ் (இழுத்துச் சுற்றுகிற துணிச் சுருள்), விரலை விட ஒல்லியாக ஒரு டேப், 15 மி.லி. கிருமிநாசினி, கத்தரிக்கோல், பிளாஸ்டிக் முள்வாங்கி, ஒரு விசில், மடித்து வைத்த வெள்ளி நிறத் தகட்டுப் போர்வை. கூடவே எறும்பு எழுத்தில் ஆங்கிலக் கையேடு. தமிழில் ஒரு வரி இல்லை.

எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைத்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: காய்கறி அரியும்போது கத்தி பட்ட விரலுக்கு இந்தப் பை நன்றாகவே போதும். ஆனால் கல்லும் பாறையுமாக இருக்கிற மலையில் விரல் வெட்டுப்படுவது அபூர்வம். அங்கே குதிகாலில் கொப்புளம் வரும், கணுக்கால் பிசகும், உள்ளங்கையும் முழங்காலும் சிராய்க்கும், இறங்கும்போது கால்விரல் நகம் கறுக்கும், ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். இந்த ஐந்தில் ஒன்றுக்குக்கூட இந்தப் பையில் உருப்படியான சாமான் இல்லை.

அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் மருந்துக்கடைக்குப் போய் நானே வாங்கிச் சேர்த்தேன். 10 செ.மீ. க்ரீப் பேண்டேஜ் இரண்டு, ஓர் அங்குல மைக்ரோபோர் காகித டேப், பெரிய அளவுத் துணிக்கட்டு, 500 மி.லி. சலைன் (உப்புநீர்) பாட்டில், போவிடோன் அயோடின் களிம்பு, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு, பாராசிட்டமால் ஓர் அட்டை. 520 ரூபாய் ஆனது. வீட்டிலிருந்து பத்து ஊக்கு, ஒரு தையல் ஊசி. பையில் இருந்ததையெல்லாம் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தார்கள். அடிவாரத்தில் வனத்துறையினர் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைச் சோதிக்கிற மலைக்கு இது சரிப்படாது. உறைகளைக் கழற்றிவிட்டு இரண்டு துணிச் சுருக்குப்பையில் பிரித்து வைத்தேன்.

இனி, ஒவ்வொன்றும் மலையில் எப்படி நடந்துகொண்டது என்று சொல்கிறேன்.

ராத்திரி பத்து மணிக்குப் பூண்டியில் ஏற ஆரம்பித்தோம். முதல் மலை முழுக்கக் கற்படிதான், ஆனால் ஒரு படிபோல் இன்னொரு படி இருக்காது. ஒன்று அரையடி, அடுத்தது முழங்கால் உயரம். செங்குத்து. பாதி ஏறியதும் தம்பி வலது காலைச் சாய்த்துச் சாய்த்து வைப்பது டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. கேட்டால், "ஒண்ணுமில்லீங்கக்கா, குதிகால்ல லேசா உறுத்துது, மேல போயிப் பாத்துக்கலாம்" என்றான். புது ஷூ. நான்கு நாள் முன்புதான் வாங்கியிருந்தான். அவனுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. வெள்ளை விநாயகர் கோயில் வந்ததும் விடாப்பிடியாக உட்கார வைத்துக் காலுறையைக் கழற்றினேன். குதிகாலில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குச் சிவந்து, தொட்டால் சூடாக இருந்தது. இன்னும் கொப்புளிக்கவில்லை.

இந்தச் சிவப்புதான் நமக்குக் கிடைக்கிற ஒரே அவகாசம். காலும் காலுறையும் ஒன்றையொன்று இழுக்க இழுக்க, தோலின் மேலடுக்கு அடியிலிருந்து பிரிந்து, இடையில் நீர் கோத்துக்கொள்ளும். வேர்வையில் ஊறிய தோல் இன்னும் சீக்கிரம் பிரியும். சிவந்தபோதே மூடிவிட்டால் அதோடு நின்றுவிடும். "மேல போயிப் பாத்துக்கலாம்" என்று விட்டால், மேலே போய்ப் பார்க்கும்போது உடைந்த கொப்புளத்தைத்தான் பார்க்க வேண்டும். சர்க்கரை உள்ளவருக்கு அந்தப் புண் மாதக்கணக்கில் ஆறாமல் நின்றதை என் வேலையில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பையின் பிளாஸ்திரி எப்படித்தான் இருக்கிறது என்று பார்ப்போமே என்று முதலில் அதையே ஒட்டினேன். வழுக்குப்பாறை வருவதற்குள் வேர்வையில் ஒரு பக்கம் கழன்று, சுருண்டு, அந்தச் சுருளே உறுத்த ஆரம்பித்துவிட்டது. பிய்த்து எறிந்துவிட்டு (எறிந்தது என் சுருக்குப்பைக்குள்) மைக்ரோபோர் எடுத்தேன். காலைத் துண்டால் நன்றாகத் துடைத்து, ஐந்து நிமிடம் காற்றாட விட்டு, சிவப்பைத் தாண்டி நாலு பக்கமும் ஓர் அங்குலம் வருகிற மாதிரி டேப்பை வெட்டி, மூலைகளை வட்டமாகக் கத்தரித்து, ஒரு சுருக்கம் இல்லாமல் நீவி ஒட்டினேன். மூலை கூர்மையாக இருந்தால் காலுறையில் மாட்டி உரியும். அடுத்த நாள் மதியம் அடிவாரத்தில் கழற்றும்வரை அது அசையவில்லை. கொப்புளமும் வரவில்லை.

இந்தக் காகித டேப்பைப் பற்றித் தம்பி மகன் ஊருக்கு வந்த பிறகு தேடிப் பார்த்துச் சொன்னான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள், 250 கி.மீ. தூரத்தைப் பல நாளாக ஓடுகிற பந்தயத்தில் 128 பேருடைய காலில் இதே டேப்பை ஒட்டிப் பார்த்து, கொப்புளம் 40% குறைந்தது என்று 2016இல் வெளியிட்டிருக்கிறார்களாம். நம் ஊர் மருந்துக்கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற டேப். மலையேறுகிறவர்களுக்கு என்று சொல்லி 699 ரூபாய் வாங்கியவர்கள் இதை வைத்திருக்க வேண்டாமா?

கொப்புளம் வந்தேவிட்டால் தோலை உரிக்காதீர்கள். அந்தத் தோல்தான் நல்ல கட்டு. மிகவும் பெரிதாகி நடக்கவே முடியாவிட்டால், ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் மட்டும் குத்தி நீரை வடியவிட்டு, தோலை அப்படியே படிய வைத்து மூடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் அதையும் செய்ய வேண்டாம், மூடிக்கொண்டு இறங்கிவிடுங்கள்.

அடிவாரத்தில் விற்கிற மூங்கில் தடியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்புரை முழுமையாகாது, ஏனென்றால் எங்களைக் காயம் படாமல் காத்ததில் பெரும்பங்கு அதனுடையது. பையில் இருக்கிற எதுவும் விழுந்த பிறகுதான் உதவும், தடி விழாமல் பிடிக்கும். வாங்கும்போது கையில் எடுத்து, தரையில் ஊன்றி, உடல் எடையைக் கொடுத்துப் பாருங்கள். வளைகிற தடி வேண்டாம். ஏறும்போது முழங்கை உயரம் போதும், ஆனால் இறங்கும்போது கீழ்ப்படியில் ஊன்ற வேண்டியிருப்பதால் மார்பளவு தடியாக எடுத்து, ஏறும்போது கொஞ்சம் கீழே பிடித்துக்கொள்வது நல்லது. அடிப்பக்கம் கணுவில் வெட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இடையில் வெட்டிய தடி பாறையில் தட்டித் தட்டிப் பிளந்துவிடும்.

அந்தத் தடியில் ஒரே ஒரு குறை, பிடிக்கிற இடத்தில் சிராய் இருக்கும். மூன்றாம் மலையில் என் உள்ளங்கையில் ஏறிவிட்டது. பையின் பிளாஸ்டிக் முள்வாங்கியை எடுத்தேன். அதன் இரண்டு முனையும் ஒன்றோடொன்று சேரவே இல்லை. அழுத்தினால் வளைகிறது. கடைசியில் தையல் ஊசியை ஸ்பிரிட் துண்டால் துடைத்து, சிராய் போன திசையிலேயே தோலை லேசாக நெம்பி எடுத்தேன். ஸ்பிரிட் துண்டு நல்ல பொருள், ஊசி, கத்தரிக்கோல், நம் விரல் எல்லாவற்றையும் துடைக்கலாம். புண்ணுக்குள் மட்டும் வைக்கக் கூடாது. எரிச்சலோடு நல்ல சதையையும் கெடுக்கும். அப்புறம் தடியில் ஒரு கைக்குட்டையைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். அதை அடிவாரத்திலேயே செய்திருக்க வேண்டும்.

நான்காம், ஐந்தாம் மலையில் பாதை கொஞ்சம் சமமாக வரும், மரம் குறைந்து புல்வெளியும் காற்றுமாக இருக்கும். கால் இளைப்பாறுகிற இடம் என்று நினைப்போம், ஆனால் கெண்டைக்கால் பிடிப்பது அங்கேதான். வேர்வையில் உப்பும் தண்ணீரும் போய், களைத்த தசை குளிர்காற்றில் இறுகும். தம்பி மகனுக்கு அப்படிப் பிடித்தபோது, காலை நீட்ட வைத்து, பாதத்தின் முன்பகுதியை முட்டியை நோக்கி மெதுவாக வளைத்துப் பிடித்தேன். ஒரு நிமிடத்தில் விட்டது. அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாரும் குடித்தோம். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை அரை லிட்டரில் போடுவது தப்பு, அளவு மாறினால் பலன் போய்விடும். பையில் ஓ.ஆர்.எஸ். இல்லை.

ஆறாம் மலையில் ஆண்டி சுனையில் தம்பி முங்கிவிட்டு நடுங்கிக்கொண்டு வந்தான். அப்போதுதான் அந்த வெள்ளித் தகட்டுப் போர்வையின் அருமை தெரிந்தது. பிரித்தால் ஆளையே மூடும், மடித்தால் கைக்குள் அடங்கும். உலர்ந்த துண்டைப் போர்த்தி அதன் மேல் இதைச் சுற்றியதும் கால் மணி நேரத்தில் பல் அடிப்பது நின்றது. இந்தப் பையில் நான் மனதாரப் பாராட்டுகிற பொருள் இது. கத்தரிக்கோலும் நல்லது, டேப்பையும் துணியையும் சுத்தமாக வெட்டியது.

சுவாமி தரிசனம் விடியற்காலையில். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, அது என்னோடு இருக்கட்டும்.

காயமெல்லாம் இறங்கும்போதுதான். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், இறங்கும்போது முழு எடையும் முட்டியிலும் கால்விரலிலும் விழும். தூக்கம் வேறு இல்லை. வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம் என்று இளவட்டங்கள் ஓடுகிறார்கள். எங்கள் பையனும் ஓடினான். சரளைக்கல் உருண்டு, குப்புற விழுந்து, வலது உள்ளங்கையும் முழங்காலும் உரிந்தன. புண்ணில் மண்ணும் பொடிக்கல்லும். பக்கத்தில் வந்த பெரியவர் ஒருவர் அக்கறையோடு திருநீற்றை எடுத்து, "வெச்சு அழுத்துங்கம்மா, ரத்தம் நின்னுரும்" என்றார். வாங்கி அவன் நெற்றியில் பூசிவிட்டேன். திறந்த புண்ணில் திருநீறு, மஞ்சள், காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். எல்லாவற்றையும் அப்புறம் மருத்துவமனையில் தேய்த்துக் கழுவி எடுக்க வேண்டியிருக்கும். அந்த வலியைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

சிராய்ப்புக்கு மருந்தைவிடத் தண்ணீர் முக்கியம், அதுவும் நிறைய. பையில் இருந்த 15 மி.லி. கிருமிநாசினி ஒரு விரல்நுனிக்குத்தான் காணும். சலைன் பாட்டிலின் தலையில் ஊசியால் ஓட்டை போட்டு அழுத்தினேன். பீய்ச்சி அடிக்கிற தாரையில் மண் தானாக வெளியே வந்தது. பாட்டிலில் முக்கால்வாசி காலி. சலைன் இல்லாவிட்டால் குடிக்கிற தண்ணீரே போதும். அப்புறம் துணிக்கட்டை வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பத்து நிமிடம். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது, பார்த்தால் உறைகிற ரத்தம் மறுபடி பிய்ந்துவிடும். ரத்தம் நின்றதும் மெலிதாகக் களிம்பு, பெரிய துணிக்கட்டு, மேலே மைக்ரோபோர். ஊருக்கு வந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி டெட்டனஸைத் தடுக்கிற டி.டி. ஊசி போட வைத்தேன். மண் பட்ட காயம் என்றால், கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும். அவனுக்கு 16 வயதில் போட்டதோடு சரி, இப்போது 24.

வழுக்குப்பாறையைத் தாண்டிக் கொஞ்சம் கீழே ஒரு பையன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூட வந்தவர்கள் காலை உருவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். சுளுக்கை உருவக் கூடாது, உள்ளே கசிகிற ரத்தம் கூடி வீக்கம் பெரிதாகும். கணுக்கால் முட்டு எலும்பு இருபுறமும் துருத்திக்கொண்டிருக்கிறதல்லவா, அதன் பின்விளிம்பிலும் நுனியிலும் விரலால் அழுத்திப் பார்த்தேன். எலும்பில் வலி இல்லை, அதற்கு முன்னால் சதையில்தான். எழுப்பி நிற்க வைத்து நாலு அடி நடக்கச் சொன்னேன், நொண்டி நடந்தான். எலும்பை அழுத்தி வலித்தாலோ, நாலு அடி வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுத்துத்தான் ஆக வேண்டும், அப்படிப்பட்டவரை நடக்க வைக்காமல் தூக்கித்தான் இறக்க வேண்டும். இது உலகம் முழுக்க மருத்துவர்கள் வைத்திருக்கிற சோதனை, பையின் கையேட்டில் இல்லை. அதில் ஐஸ் ஒத்தடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மலையில் ஐஸுக்கு எங்கே போவது? தண்ணீரில் நனைத்த துண்டைத்தான் சுற்றினோம்.

பையில் இருந்த 5 செ.மீ. க்ரீப் பேண்டேஜ் மணிக்கட்டுக்குச் சரி, பெரியவர்களின் கணுக்காலுக்குக் காணாது. 10 செ.மீ. பேண்டேஜை எடுத்து, விரல்களின் அடியில் ஆரம்பித்து, பாதத்தைச் சுற்றி, கணுக்காலுக்குக் குறுக்கே எட்டு போட்ட மாதிரி மேலே கொண்டுபோய், ஊக்குக் குத்தினேன். கட்டியதும் பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டுப் பார்க்க வேண்டும். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் சிவக்காவிட்டால் கட்டு இறுக்கம், தளர்த்துங்கள். ஷூவைத் தளர்த்தி மறுபடி மாட்டி, இரண்டு தடி கொடுத்து, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். வலிக்குப் பாராசிட்டமால் ஒன்று. வேர்த்துக் காய்ந்த உடம்போடு டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையை விழுங்குவது சிறுநீரகத்துக்கு நல்லதல்ல.

என் இடது பெருவிரல் நகமும் கறுத்தது. இரண்டு நாள் முன்பே நகத்தை நேராக வெட்டியிருந்தேன். ஆனால் இறங்கத் தொடங்கும்போது ஷூ கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்ட மறந்துவிட்டேன். இறுக்கினால் கால் முன்னால் சறுக்கி ஷூவின் நுனியில் இடிக்காது. ஏறும்போது தளர்வு, இறங்கும்போது இறுக்கம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் கொடுக்கிறேன். தையல் கெட்டி, ஜிப் நன்றாக ஓடுகிறது, இடுப்பு வாரில் மாட்டலாம். அந்தப் பைக்கும் தகட்டுப் போர்வைக்கும் கத்தரிக்கோலுக்கும் 300 ரூபாய் கொடுக்கலாம். மீதிப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு மருந்துக்கடையில் நான் வாங்கிய பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு சின்னத் துணிப்பை இருந்தால் இதை வாங்கவே வேண்டாம். தயாரித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பிளாஸ்திரியைப் பாதியாகக் குறைத்துவிட்டு, அகல பேண்டேஜும் காகித டேப்பும் வையுங்கள், கையேட்டைப் பெரிய எழுத்தில் தமிழிலும் அச்சடியுங்கள்.

ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போவதாகத் தம்பி மகன் சொல்லியிருக்கிறான். தாணிப்பாறையிலிருந்து ஏறுகிற பாதையிலும் பாறைக்குக் குறைவில்லை. தீர்ந்ததையெல்லாம் வாங்கிப் பையை நிரப்பி, அவன் வீட்டுச் சாமி அறைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். பிளாஸ்டிக் முள்வாங்கி இருந்த இடத்தில் என் பாட்டியின் இரும்பு முள்வாங்கியை வைத்திருக்கிறேன். காட்டு வேலைக்குப் போகும்போது சாவிக்கொத்தோடு அவர் இடுப்பில் தொங்கியது அது. முனை இரண்டும் இன்னும் முடி அளவு இடைவெளி இல்லாமல் சேருகின்றன.